மூடிக்கொண்ட மட்டி

சமையலறைத் தொட்டியில் கிடக்கும் மட்டிச் சிப்பி வாயைத் திறந்திருந்தால்தான் குழாயில் தண்ணீர் வரும். தண்ணீரில் விஷம் கலந்தால் அது மூடிக்கொள்ளும், குழாயும் நின்றுவிடும்.

சாயப்பட்டறையிலிருந்து வந்ததும் நாச்சிமுத்து நேரே அந்தத் தொட்டிக்குள்தான் கையை விடுவான். மட்டி சட்டென்று மூடும். அரை மணி நேரம் சமையல் நிற்கும்.

"ஏனுங்க, பட்டறைலயே கையக் கழுவீட்டு வந்தா என்னங்க?" என்று மனைவி தமயந்தி தினமும் சண்டை பிடிப்பாள்.

அவன் இறந்து ஒரு வருஷம் ஆகிறது. மட்டி ஒருநாளும் மூடவில்லை. தண்ணீர் தாராளமாகக் கொட்டுகிறது.

இன்று அவள், துவைக்காமல் வைத்திருந்த அவன் சட்டையை எடுத்து, அதன் கையை மட்டும் தொட்டியில் நனைத்தாள். மட்டி மூடிக்கொண்டது. குழாய் நின்றது.

அடுப்பை அணைத்துவிட்டுத் தொட்டியருகே உட்கார்ந்தாள்.

"இன்னைக்கும் கையக் கழுவாமத்தான் வந்தீங்களாக்கும்?"