சுண்டுவிரல்

மருந்துக் கடைப் படியேறும்போதே அவளுக்குக் கை நடுங்கியது. தெரியாமலிருக்க மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

வழக்கமான கடையில் காலையில் முகத்திலடித்தாற்போல் இல்லையென்று சொல்லிவிட்டார்கள். இது பஸ் ஸ்டாண்டைத் தாண்டிப் புதிதாகத் திறந்த கடை. இங்கே அவளை யாருக்கும் தெரியாது.

இருமல் மருந்தின் பெயரைச் சொன்னாள். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். யாருக்கு என்று கேட்டார்.

மகளின் சுண்டுவிரலை அழுத்தினாள்.

தன்ஷிகா இருமினாள்.

என்ன இருமல்! தோள் குலுங்க, கண்ணில் நீர் வர. ஏழு வயசுக் கழுதைக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தது? வேறு யார்.

"அரை மூடிக்கு மேல குடுத்துறாதீங்கக்கா. தூக்கமாத் தள்ளும்" என்றார் கடைக்காரர்.

முதலில் இருமலுக்குத்தான் குடித்தாள், பொய்யில்லை. பனியன் கம்பெனியில் பஞ்சுத் தூசி நெஞ்சை அடைத்தது. மருந்து குடித்தால் இருமல் நின்றது. கூடவே சூப்பர்வைசரின் ஏச்சும் எங்கோ தூரத்தில் கேட்டது.

இருமல் போய் வருஷமாகிறது. மருந்துதான் போகவில்லை. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். ருசி கண்ட தொண்டை மட்டும் இருந்துவிடுமா?

கோயில் சுவரோரம் திரும்பி நின்று பாட்டிலைத் திறந்தாள். மூடியில் ஊற்றவெல்லாம் பொறுமையில்லை. தன்ஷிகா தெருவைப் பார்த்து நின்றாள். யாராவது வந்தால் சொல்ல வேண்டும். அதுவும் பழகிவிட்டது.

முன்பெல்லாம் ஒரு மடக்கில் நடுக்கம் அடங்கும்.

வீட்டுக்கு வந்தும் உட்கார முடியவில்லை. அடுப்பைப் பற்றவைத்தாள். அணைத்தாள். மடித்த துணியையே மறுபடி மடித்தாள். பாட்டிலை எடுத்து இன்னும் கொஞ்சம் குடித்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அடியில் துளிதான் மிச்சம். நாளைக்கு எந்தக் கடை?

மகள் இருமினாள்.

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுபடியும் இருமினாள். விடாமல் இருமினாள்.

"போதும் கண்ணு. வாங்கியாச்சு."

தன்ஷிகா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் தோள் குலுங்கியது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. விரலை யாரும் அழுத்தவில்லை.

நெற்றியைத் தொட்டாள். கொதித்தது.

நீயெல்லாம் ஒரு தாயா என்று தன்னையே ஏசிக்கொண்டாள். பாட்டிலை மூடியில் கவிழ்த்தாள். கை நடுங்கி விரலெல்லாம் வழிந்தது. தட்டித் தட்டி அரை மூடி தேறியது. அதை மகளின் வாயருகே கொண்டுபோனாள்.

மகள் வாயைத் திறக்கவில்லை. அம்மாவின் கை ஆடுவதையே பார்த்தாள்.

"நீ குடிச்சுக்கோம்மா. எனக்கு நின்னுருச்சு."

வந்த இருமலை விழுங்கினாள். பிறகு அம்மாவின் சுண்டுவிரலைத் தேடிப் பிடித்து, மெல்ல அழுத்தினாள்.