இரங்கல் உரைக்கு ஒரு திருத்தம்

புதிதாக வந்த போதகர், இரங்கல் உரையைக் குடும்பத்தாரிடம் படித்துக் காட்டினார்.

“பொய்யே அறியாத தேவமனிதர்...”

“அதை எடுத்துடுங்க. ஆலயத்துக்குன்னு கிளம்பி மீன் பிடிக்கப் போயிருக்கார் அப்பா!” என்றாள் மகள்.

“முழங்காலில் நின்று மணிக்கணக்காக ஜெபித்தவர்...”

“ஜெபமா? குறட்டைச் சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்கும்,” என்றாள் மருமகள்.

“அப்போ என்னதான்மா சொல்றது?”

“பசின்னு வந்த யாரையும் வெறும் வயித்தோட அனுப்பினதில்லை. அது சத்தியம்,” என்றாள் மகள்.

“அது போதும்,” என்றார் சாய்வு நாற்காலியிலிருந்த அவள் அப்பா. “செத்தப்புறம் காதுல விழாதேன்னுதான் இப்பவே படிக்கச் சொன்னேன். போன போதகரும் எனக்கு அருமையா எழுதி வச்சிருந்தார். பாவம், அவர் அடக்கத்துல நான் பேச வேண்டியதாப் போச்சு!”