ஏழாவது தண்ணீர்

போர்வையை விரித்துப் பார்த்த சாமுண்டீஸ்வரிக்கு நெஞ்சு பகீரென்றது.

பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்துவிட்டதால், சுண்ணாம்பு தெறித்துவிடக் கூடாதே என்று பக்கத்து வீட்டுப் பேபியின் பீரோவில் நான்கு நாள் வைத்திருக்கக் கொடுத்த போர்வை அது. கொடுக்கும்போது மொடமொடவென்றிருந்தது. திரும்பி வந்தது துவண்டு, சுருங்கி, பழையதாகக் கிடந்தது.

"இதை நனைச்சியா பேபி?"

"காபி கொட்டிடுச்சுக்கா. கறை பிடிச்சிடுமேன்னு அலசிட்டேன்." பேபி நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்.

"நாளன்னிக்குப் போட்டி. உன் வீட்டுக் காபி பீரோவுக்குள்ளே போயா கொட்டுச்சு?"

பேபி இஸ்திரி போட்டுத் தரட்டுமா என்று மட்டும் கேட்டாள். சாமுண்டீஸ்வரி போர்வையைப் பறித்துக்கொண்டு விடுவிடுவென்று வந்துவிட்டாள்.

சேலையூர் மாதர் சங்கம் நடத்தும் கைவேலைப் போட்டியில் முதல் பரிசு, தையல் மெஷினுக்குப் பொருத்தும் மின்சார மோட்டார். அந்த மோட்டாரை மெஷினின் எந்தப் பக்கம் பொருத்துவது, அதற்கு ஒயர் எந்த ஜன்னலோரமாக இழுப்பது என்பதுவரை சாமுண்டீஸ்வரி தீர்மானித்து வைத்திருந்தாள்.

காரணம் இருந்தது. பதினோரு மாதம் மெஷினை மிதித்து மிதித்து, வெள்ளைத் துணியில் சிவப்புச் செம்பருத்திகளை ஒட்டி, ஓரமெல்லாம் எம்பிராய்டரி செய்து, உள்ளே பஞ்சு வைத்து அந்தப் போர்வையை முடிப்பதற்குள் அவளுடைய வலது முழங்கால் வீங்கிவிட்டது. இனி மிதிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மோட்டார் வாங்கும் பேச்சை எடுத்தாலோ, "கால் வலிச்சா தைக்காதே" என்று கணவர் ஏகநாதன் ஒரே வரியில் முடித்துவிடுவார். பரிசு கிடைத்தால் தையல் உண்டு. கிடைக்காவிட்டால் மெஷினுக்கு உறை போட்டு மூட வேண்டியதுதான்.

பேபியும் அதே போட்டிக்குப் போர்வை தைத்திருந்தாள். செம்பருத்திக்கான சிவப்புத் துணியை இருவரும் தாம்பரம் மார்க்கெட்டில் ஒரே கடையில், ஒரே கட்டிலிருந்துதான் கிழித்து வாங்கினார்கள். போட்டி என்று வந்தால் மனுஷி இப்படியும் மாறுவாளா என்று சாமுண்டீஸ்வரி இரண்டு நாளும் புழுங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக் கூடம் கல்யாண வீடுபோலக் களைகட்டியிருந்தது. மேஜைக்கு மேஜை போர்வைகள். பேபியின் இடம் மட்டும் காலியாக இருந்தது.

"செஞ்ச காரியத்துக்கு எந்த முகத்தை வெச்சுக்கிட்டு வருவா?" என்று சாமுண்டீஸ்வரி பக்கத்தில் நின்றவளிடம் முணுமுணுத்தாள்.

நடுவராக வந்த வேதசிரோமணி டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பூ வேலையைப் பார்ப்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவரோ ஒரு சொம்பு நிறையத் தண்ணீரும், கை நிறைய வெள்ளைக் கைக்குட்டைகளும் கேட்டு வாங்கினார்.

"தோய்க்க முடியாத போர்வை, சுவத்துல மாட்டுற படம். எனக்குப் போர்வைதான் வேணும்" என்றார்.

ஈரக் கைக்குட்டையை ஒவ்வொரு போர்வையிலும் அழுத்தி எடுத்தார். முதல் மேஜையில் கைக்குட்டை பச்சையானது. அடுத்ததில் நீலம். மூன்றாவது மேஜைக்காரி சாயம் ஓடியதைப் பார்த்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

சாமுண்டீஸ்வரியின் முறை வந்தது. டீச்சர் செம்பருத்தியின் நட்ட நடுவில் வைத்து அழுத்தினார்.

கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. நம்பாமல் இன்னொரு பூவில் அழுத்தினார். அதுவும் வெள்ளை.

"முன்னாடியே அலசிப் பார்த்துட்டீங்களா? இந்த ஹாலிலேயே உங்களுக்குத்தான் அந்தப் புத்தி இருந்திருக்கு."

"ஆமாம் டீச்சர்" என்று சாமுண்டீஸ்வரியின் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

கைத்தட்டலில் கூடம் அதிர்ந்தது. மோட்டார் பெட்டியைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். முழங்கால் வலி எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. நேராகப் பேபியின் வீட்டுக்குத்தான் விடச் சொன்னாள். 'நீ கெடுக்கப் பார்த்தே, அதுவே எனக்கு நல்லதா முடிஞ்சுது' என்று கேட்க வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

பேபி சர்ச்சுக்குப் போயிருந்தாள். அவள் கணவன் சவுரிமுத்து வாசலில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தான்.

"உன் பெண்டாட்டி ஏம்பா போட்டிக்கு வரலை? போர்வைதான் தயாரா வெச்சிருந்தாளே?"

"போர்வை எங்கக்கா கீது?" சவுரிமுத்து துணியை உதறினான். "டீச்சரம்மா தண்ணில நனைச்சுப் பாப்பாங்கன்னு பேர் குடுக்கப் போன எடத்துல காதுல வாங்கிகினு வந்தா. அப்போலேர்ந்து கத்திரிக்கோலும் பக்கெட்டுமா உக்காந்துகினு இருந்தா. சோறுகூட நான்தான் வடிச்சேன். உங்களாண்ட சொல்லேன்டீன்னா, அக்காக்குக் காலு வேற முடியல, பயந்துக்கும்னுட்டா. தோ, அந்தப் பையில கீது பாருங்க."

சாமுண்டீஸ்வரி மோட்டார் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பையைக் கவிழ்த்தாள்.

பேபியின் போர்வை துண்டு துண்டாக விழுந்தது. துண்டுக்கு ஒரு செம்பருத்தி. ஒவ்வொன்றிலும் குண்டூசி குத்திய சீட்டு, பேபியின் கோணல் கையெழுத்தில்.

'சோப்பு. சாயம் ஓடுது.' வெள்ளைத் துணி முழுக்க ரோஸ் நிறம்.

'சுடுதண்ணி. இன்னும் மோசம்.'

'உப்பு, மூணு தண்ணி. கொஞ்சம் ஓடுது.'

கடைசித் துண்டில் பூ சிவப்பாகவும், சுற்றிலும் துணி வெள்ளை வெளேரென்றும் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அதிலிருந்த சீட்டைப் படித்தாள்.

'உப்பு, ஏழு தண்ணி. நின்னுடுச்சு. இனிமே அக்கா போர்வையை நனைக்கலாம்.'