இரண்டு வாட்ச்

பழவேற்காடு ஏரிக்கரையில் மாலை வெயில் சாய்கிறது. படகின் நிழலில் உட்கார்ந்து செங்கல்வராயன் தன் இரண்டு மணிக்கட்டுகளையும் மாறி மாறிப் பார்க்கிறான். நெஞ்சுவலி வந்து பிழைத்தவன் நாடித்துடிப்பைக் கவனிக்க வேண்டுமென்று மகள் மீஞ்சூரிலிருந்து இரண்டு ஸ்மார்ட் வாட்ச் வாங்கி வந்திருக்கிறாள். நல்லதை வைத்துக்கொண்டு மற்றதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம். இரண்டும் ஒரே எண்ணைத்தான் காட்டுகின்றன. ஏரித் தண்ணீரில் கையால் இறால் தடவிப் பிடித்துவிட்டுக் கரையேறும் அவன் மனைவி இந்திராணி, "தண்ணி தாங்குதான்னு பாக்கலாம், குடு" என்று ஒன்றை வாங்கிக் கட்டிக்கொண்டு ஏரியில் கையை முக்கி எடுக்கிறாள். பச்சை வெளிச்சம் மினுக்க, எண் எகிறுகிறது. "பாரு, கெட்டுப்பூச்சு" என்று சிரிக்கிறாள். அவன் மற்றதையும் கழற்றி அவளுடைய இன்னொரு கையில் கட்டுகிறான். அதுவும் எகிறுகிறது. "தண்ணில நடந்து வந்தேன்ல, அதான்" என்கிறாள். "கொஞ்சம் குந்து" என்கிறான். இருவரும் காத்திருக்கிறார்கள். கூடையில் இறால்கள் துள்ளி அடங்குகின்றன. அவள் நெற்றி வேர்வை காய்கிறது. எண் மட்டும் இறங்கவில்லை. "எத்தினி நாளா இப்டி அடிச்சிக்குது?" என்று கேட்கிறான். அவள் நிமிராமல் முந்தானையைப் பிழிகிறாள். "நீ ஆஸ்பத்திரில கெடந்தப்போலேர்ந்து. பயத்துலன்னு வுட்டுட்டேன்." ஈரமான அவள் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்கிறான். "காலைல மொத பஸ்ஸுல பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போறோம். இந்தத் தடவ உனுக்கு."