டாக்டருக்கு ஒரு ஃப்ரேம்

"ரெடியா இருக்கறதெல்லாம் எனக்கு வேண்டாம். என் உடம்புக்குன்னே அளவெடுத்துச் செஞ்சதுதான் வேணும்" என்றார் பல் டாக்டர்.

ஸ்டீல் பைப்பை அறுத்துப் பற்றவைத்து, மலையேறும் சைக்கிளுக்குக் கையாலேயே ஃப்ரேம் செய்கிற பட்டறை அது. முதலாளி, வெல்டர், கூட்டிப் பெருக்குகிற ஆள் எல்லாமே ஒருத்திதான்.

சுவரில் மூன்று சைஸில் ரெடி ஃப்ரேம்கள் தொங்கின. டாக்டர் அவற்றைச் சொத்தைப் பல்லைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"அந்தப் பெரிய சைஸ் உங்களுக்குச் சரியாத்தான் இருக்கும் சார்" என்றாள் வெல்டர்.

"சரியா இருந்தா போதுமா? நான் என்ன செருப்பு வாங்கவா வந்திருக்கேன்?"

கூட வந்திருந்த மனைவி சிரித்தார். "அளவெடுத்துடுங்கம்மா. ஆறு மாசமா வீட்ல வேற பேச்சே இல்ல. தூக்கத்துலகூட ஃப்ரேம் ஃப்ரேம்னுதான் உளர்றார்."

டாக்டர் வெறுங்காலோடு சுவரை ஒட்டி நின்றார். தொடை நடுவே ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை இடுக்கிக்கொள்ளச் சொல்லி, அது நிற்கிற உயரத்தைச் சுவரில் பென்சிலால் குறித்தாள் வெல்டர்.

"ஆடாதீங்க சார்."

ஊரையே ஆடாதே ஆடாதே என்று அதட்டிப் பிழைக்கிற மனிதர், அரை நிமிடத்தில் நாலு தடவை ஆடினார்.

கை நீளம், தோள் அகலம் எல்லாம் ஆயிற்று. வெல்டர் ஃபாரத்தை எடுத்துக்கொண்டாள்.

"எடை?"

"அது எதுக்கு?"

"கஸ்டம்னா அதுதான் சார் முக்கியம். உங்க எடையை எவ்வளவு மெல்லிசான பைப் தாங்குமோ, அதைப் பார்த்துப் போடுவேன். ஓட்டறதுக்குப் பஞ்சு மாதிரி இருக்கும். ரெடி ஃப்ரேம்ல அப்படி முடியாது. யாரு வந்து உக்காருவாங்கன்னு தெரியாதே, அதனால கொஞ்சம் தடிமனாவே போட்டுடுவேன்."

"எழுபத்தெட்டு" என்றார் டாக்டர்.

டாக்டரே சொன்னால் சரியாகத்தானே இருக்கும். வெல்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டாள். "நாலு மாசம் ஆகும் சார். இங்க ஒரு கையெழுத்து."

அவர் பேனாவைத் திறப்பதற்குள் மனைவி குறுக்கிட்டார்.

"ஏங்க, ரெடி ஃப்ரேமே எடுத்துக்கலாமே?"

"என்னது?"

"நாலு மாசம் யாரு காத்திருக்கறது? அந்தப் பச்சை நல்லாத்தான இருக்கு."

"ஆறு மாசமா சரி சரின்னு தலையாட்டிட்டு, கையெழுத்து போடற நேரத்துல காலை வாரறியே!"

"நீங்க என்ன பந்தயத்துக்கா போறீங்க, பஞ்சு மாதிரி இருக்கறதுக்கு? வாரத்துல ஒரு நாள் மலை ஏறி இறங்க இது போதும்."

"உன் துணிக்கு மட்டும் டெய்லர் அளவெடுக்கணும். எனக்குன்னா தொங்கறது போதும், இல்ல?"

"ஆமா, போதும்."

அதற்கு மேல் அந்த அம்மாள் ஒரு அங்குலம் இறங்கி வரவில்லை. டாக்டர் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"சரி, பச்சையையே குடுங்க" என்று ஃப்ரேமை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

வெல்டருக்கு மனசு ஆறவில்லை. கஸ்டம் வேலை கைநழுவியதுகூடப் பெரிதில்லை, ஒரு மனிதர் ஆசையாக வந்து முகம் தொங்கிப் போகிறாரே என்றிருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். ஆனா ஒரு மூணாவது மனுஷி எதிர்ல அவரை நீங்க இப்படி வெட்டிப் பேசியிருக்க வேண்டாம்."

அந்த அம்மாள் வாசலை எட்டிப் பார்த்தார். டாக்டர் பச்சை ஃப்ரேமைக் காரின் பின்சீட்டில் படுக்கவைத்து, ஒரு துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டிருந்தார். கோபம் மனைவியோடுதான், ஃப்ரேமோடு இல்லை.

"அவர் எடை தொண்ணூத்தி நாலும்மா" என்றார் மெதுவாக.

வெல்டர் ஃபாரத்தைப் பார்த்தாள். எழுபத்தெட்டு என்று அவள் கையாலேயே எழுதியிருந்தது. அந்த எடைக்கு மெல்லிசாகப் பைப் போட்டிருந்தால், ஏதாவதொரு மலைச்சரிவில் இறங்கும்போது ஃப்ரேம் முறிந்திருக்கும்.

"என்கிட்டயும் எழுபத்தெட்டுன்னுதான் சொல்லிட்டிருக்கார். கதவைச் சாத்திக்கிட்டுத்தான் எடை மெஷின்ல ஏறுவார். கடைசியாக் காட்டின எடையை அந்த மெஷின் ஞாபகம் வச்சிருக்கும்னு பாவம், அவருக்குத் தெரியாது."

"எனக்கு ஜாடை காட்டியிருந்தா தொண்ணூத்தி நாலுக்கே செஞ்சிருப்பேனே மேடம்!"

"எதுக்கும்மா? அவர் அங்கயே நிக்கப் போறதில்ல. போன வருஷம் நூத்திப் பத்து இருந்தார். பிடிச்சதையெல்லாம் விட்டுட்டு, தினம் நடையா நடந்து ஒவ்வொரு கிலோவா இறக்கியிருக்கார். உங்க எதிர்ல அவரைப் பொய்யன் ஆக்கறதுக்குப் பதிலா, நான் ராட்சசியா இருந்துட்டுப் போறேன்."

"இருந்தாலும் உயிர் விஷயத்துல இப்படிப் பொய் சொல்லலாமா?"

வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. மனைவி அந்த ஃபாரத்தை நாலாக மடித்து, வெல்டரின் கையில் வைத்து மூடினார்.

"பொய் இல்லம்மா, கொஞ்சம் முன்னாடியே சொல்லிட்டார், அவ்வளவுதான். இதைப் பத்திரமா வச்சிருங்க. கையெழுத்து போட அடுத்த வருஷம் நானே கூட்டிட்டு வரேன்."