முப்பதுக்கு நான்கு

பல்கலைக்கழகத்தின் பதினோரு வருட முனைவர் பட்டச் சேர்க்கையை ஆராய்ந்த மரகதவல்லி, எழுத்துத் தேர்வில் முன்னணியில் வந்தும் இடம் கிடைக்காதவர்களைத் தனியே பிரித்தாள். எல்லோரும் அரசுப் பள்ளியில் தமிழ்வழி படித்தவர்கள். நேர்முகத் தேர்வில் அத்தனை பேருக்கும் முப்பதுக்கு நான்கு. ஒருவருக்குக்கூட ஐந்து இல்லை. அறிக்கையின் ஒன்பதாம் பக்கத்தில் அதை அட்டவணையாகப் போட்டிருந்தாள்.

சேர்க்கைக் குழுத் தலைவர் திருவேங்கடம் புரட்டிப் பார்த்தார். “பிரமாதமான ஆய்வும்மா. இந்த ஒன்பதாம் பக்கத்தை மட்டும் எடுத்துடுங்க.”

“ஏன் சார், தப்பா இருக்கா?”

“தப்பு இருந்தா திருத்தச் சொல்லியிருப்பேனே.”

மரகதவல்லி அந்தத் தாளைக் குத்தியிருந்த பின்னோடு பிய்த்து உருவினாள். “எடுத்துட்டேன் சார்.” அவர் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

வெளியே வராந்தாவில் இந்த வருட நேர்முகத்துக்கு வந்தவர்கள் மடியில் ஃபைலோடு காத்திருந்தார்கள். முதல் நாற்காலியில் இருந்த பெண்ணிடம் தாளை நீட்டி, “சத்தமா வாசிம்மா” என்றாள்.

அந்தப் பெண் வாசிக்க ஆரம்பித்தாள். பாதியில் உதவியாளர் கதவைத் திறந்து அடுத்த பெயரைக் கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை.