கொடியை நட்டவர்

"நான் எதையும் பார்க்கலை ஐயா. அன்னைக்கு எனக்கு வயித்துவலி" என்றார் கொல்லர் பெர்கின்.

பார்லிமெண்ட் படையின் சார்ஜண்ட் காலெப் ஆல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து நாட்டிங்காமில் வீடு வீடாக ஏறி இறங்குகிறான். ரொட்டிக்கடைக்காரர் அன்று அடுப்படியை விட்டு நகரவே இல்லையாம். தோல் பதனிடுகிறவர் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாராம். இப்போது இவருக்கு வயிற்றுவலி.

"ராஜா சொந்த ஜனங்க மேலயே படை திரட்டி, இந்த ஊர்க் கோட்டைப் பக்கத்துல போர்க்கொடி ஏத்துறாரு. ஊரே கண்ணை மூடிக்கிட்டு இருந்துச்சா?"

"ராஜாதான் சண்டையைத் தொடங்கினார்னு ஊரு உலகத்துக்கே தெரியும். அப்புறம் சாட்சி எதுக்கு சார்ஜண்ட்?"

"லண்டன்ல ராஜா மேல விசாரணை நடக்கப்போகுது. 'நான் இல்லை, பார்லிமெண்ட்தான் தொடங்குச்சு'ன்னு அவர் சாதிக்கிறாரு. ஆறு வருஷம்யா! எத்தனை வீட்டுல இழவு! என் தம்பியைப் பறிகொடுத்தவன் நான். இந்தப் பழியை அவர் தலையில கட்டாம விடமாட்டேன்."

"கட்டுங்க, நல்லா கட்டுங்க. என்னை விடுங்க" என்று கொல்லர் கதவைச் சாத்தினார்.

"கோழைப் பசங்க!"

தெருவுக்கே கேட்டது. சிப்பாய்கள் கைதூக்கித் தங்கள் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்தவன் அவன். தளபதிகள் முன்னால்கூடக் குரலைத் தாழ்த்தியதில்லை.

எதிரே பீர்க்கடை வாசலில் நின்ற கடைக்காரி தபிதா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ளே வாங்க சார்ஜண்ட். நான் பார்த்தேன். லண்டனுக்கும் வரேன்."

"இந்த ஊர்ல ஒரே ஆம்பளை நீங்கதாம்மா!" அவள் காட்டிய பெஞ்சில் உட்கார்ந்தான். "சொல்லுங்க. ராஜா தன் கையாலேயே கொடியை நட்டாரா?"

"அவர் எங்க நட்டார்? குதிரையில உட்கார்ந்திருந்தார். தரை கெட்டித் தரை. கத்தியால சுரண்டித்தான் குழி எடுத்தாங்க. அதுல கம்பு நிக்குமா? காத்து வேற. கடைசியில நாலு பேரு தாங்கிப் பிடிச்சாங்க."

"யாரு அவங்க?"

"இன்னைக்கு உங்க மூஞ்சியில கதவைச் சாத்தினாங்களே, அந்த மூணு பேரும்தான்."

காலெப் மேசையில் ஓங்கிக் குத்தினான்.

"வயித்துவலியாம், வயித்துவலி! பைபிள்ல கைவெச்சு ஒண்ணுவிடாம சொல்லுங்கம்மா. ராஜாவுக்கு என்ன பழியோ, கம்பைத் தாங்கினவனுக்கும் அதே பழிதான். அவனுங்க கையை எடுத்திருந்தா கொடியும் நின்னிருக்காது, சண்டையும் வந்திருக்காது. நாலாவது ஆள் யாரு?"

தபிதா தயங்கினாள்.

"வெளியூர்ப் பையன். டிக்கன்னு கூப்பிட்டாங்க. இதே செம்பட்டை முடி, இதே மூக்கு. 'எங்கண்ணன் பார்லிமெண்ட் கட்சி. இப்ப என்னைப் பார்த்தான்னா தோலை உரிச்சிடுவான்'னு சொல்லிச் சிரிச்சுக்கிட்டே பிடிச்சிருந்தான். காலையில உங்களைத் தெருவுல பார்த்ததும் அவன்தான் திரும்பி வந்துட்டானோன்னு நெனச்சேன்."

தம்பி டிக்கன் போரில் செத்தான் என்று படை முழுவதற்கும் சொல்லியிருக்கிறான் காலெப். எந்தப் பக்கம் நின்று செத்தான் என்று யாரும் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை.

எழுந்துபோய்க் கடையின் கதவைச் சாத்தினான். திரும்பி வந்தபோது அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"அம்மா, லண்டன்ல கேட்டாங்கன்னா... அன்னைக்கு நீங்க ராஜாவைத் தவிர வேற யாரையும் பார்க்கலை."